ஏழா, எட்டா

விடியுமுன் நாலரைக்குக் கம்பத்தில் ஏறுவோம்.
ஒன்பது பேர் ஜீப்பில் பதினாறு பேர்.
மடியில் தூக்குவாளி, மழைத்தாளுக்குள் மூச்சு.
ஒச்சம்மா எப்போதும் பின்படிப் பக்கம்தான்.
காற்று வேண்டும் அவளுக்கு,
அந்த மாதங்களில் இன்னும் கூடுதலாக.

கம்பமெட்டு தாண்டியதும் ஒரு பலகை வரும்.
எழுத்து மலையாளம், எனக்கு வாசிக்க வராது.
படம் போதும்:
ஒரு உள்ளங்கை, அதில் சுருண்ட சிசு,
கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு.
வண்டி வெளிச்சம் ஒரு நொடி அதன்மேல் விழும்.
நான் மட்டும் குனிந்து
வாளி மூடியைச் சரிசெய்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்
மூன்றாவதாய் நாள் தள்ளியபோது
கட்டப்பனைக்குப் போனேன், யாரிடமும் சொல்லாமல்.
இரண்டு பிள்ளைகள், வாரவட்டி,
வாய்க்கால் கரையில் விழுந்து கிடக்கும் புருஷன்.
காரணமெல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம்.
டாக்டர் லிஸியம்மா கேட்டது ஒரே வார்த்தை:
"உறப்பாணோ?"
உறைப்பு என்று விழுந்தது என் காதில்.
என்ன காரம், எதில் காரம் என்று நான் விழிக்க
நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.
அந்த அறையில் சிரித்ததைத்தான்
இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.
மற்றதை
மன்னிக்க வேண்டுமா என்றே தெரியவில்லை.

ஏழு வாரம்,
ஒரு ஏலக்காய் அளவுகூட இருக்காது என்றாள்.
ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.
வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.
நாளொன்றுக்குப் பத்துக் கிலோ பறிக்கிற கை இது.

ஆடி மழையில் அவர்கள் ஜீப் உருண்டது.
நான் பின்னால் வந்த வண்டியில்.
செல்போன் வெளிச்சத்தில் இறங்கினோம்.
முதலில் கிடைத்தது செருப்புகள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்
தாலுகா ஆபீஸ்காரர் கேட்டார், மொத்தம் எத்தனை?
பன்னிரண்டு படித்தவள் என்று
ஃபாரத்தை என்னிடம் தந்துவிட்டார்கள்.
ஏழு பெயர் எழுதினேன். கடைசியில் ஒச்சம்மா.
அவள் புருஷன் காசிமாயன் என் தோளைத் தொட்டான்.
"எட்டு. ஆறு மாசம் தாயி.
வளையலெல்லாம் வாங்கியாச்சு. எட்டுன்னு எழுது."
பெயரில்லாத ஆளை எழுத முடியாதம்மா என்றார் அவர்.
கோபமாகக்கூட இல்லை.
நான் எட்டு என்று எழுதினேன்.
அவர் அடித்து ஏழாக்கினார்.
மறுபடி நான் எட்டாக்க, தாள் கிழிந்தது.

அன்றிரவு தூங்காமல் கணக்குப் போட்டேன்.
அவளுடையது எட்டு என்றால்
என்னுடையது எத்தனை?
ஒன்றுமேயில்லை என்றால், அவன் தோளைத் தொட்டபோது
என் அடிவயிறு ஏன் இழுத்துக்கொண்டது?
வேண்டுமென்று காத்திருந்தால் உயிர்,
வேண்டாமென்றால் வெறும் ரத்தம் என்று
ஒரு வழி கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.
அப்புறம் தோன்றியது:
எங்களை யார் வேண்டுமென்று கேட்டார்கள்,
ஒன்பது பேர் இடத்தில் பதினாறாய் அடைத்தபோது?

ஞாயிற்றுக்கிழமை மெட்டுமுக்கில் கூட்டம்.
ஒருவர் உயிர் என்றார். இன்னொருவர் உரிமை என்றார்.
இரண்டுக்கும் தலையாட்டினேன்,
கூலிக்காரி புத்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
முடிந்ததும் அவரவர் காரில் ஏறி
பெல்ட் மாட்டிக்கொண்டு போனார்கள்.

திரும்பவும் அந்த நாற்காலியில் உட்காரவைத்தால்
திரும்பவும் ஆமாம் என்பேன்.
இப்போது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும்.
தெரிந்தே சொல்வேன், சிரிக்காமல்.
ஆனாலும் அந்தக் கிழிந்த தாளில்
எட்டு எட்டுதான்.

பதினாறாம் நாள் வேலைக்குப் போனேன்.
பின்படிப் பக்கம் காலி.
தூக்குவாளியை அங்கே வைத்தேன்.
"தள்ளி உட்காருங்க, இன்னொருத்தர் ஏறணும்."
"ஆள் இருக்கு" என்றேன்.
டிரைவர் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
வடக்குப்பட்டி திருப்பத்தில் புதுப்பெண் ஒருத்தி
வாளியை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு
அங்கே உட்கார்ந்தாள்.
மெட்டு வரும்வரை மடியில் இருந்தது,
சோற்றுச் சூட்டோடு.